கெமிஸ்ட்ரி லேப் வாசலில் ஞானசௌந்தரி மிஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை கொரட்டூரில் என் வீட்டுக் கேட்டைத் தட்டியவர் எங்கள் கல்லூரிக் காவலாளி ஏழுமலை. சைக்கிளைவிட்டு இறங்காமலே சொன்னார். "மேடம், நம்ம பி.டி. அம்மா பூட்டாங்கோ. காட்டுப்பாக்கத்து ஊட்லதான் வச்சிகினு கீறாங்க. உங்களாண்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்." நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை.

ஞானசௌந்தரி மிஸ் எங்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை. நான் வரலாறு. பாடம் நடத்துகிற எங்களுக்கு விசில் ஊதுகிறவர் என்றால் கொஞ்சம் இளப்பம்தான். ஸ்டாஃப் ரூமில் அவருக்கென்று ஒரு மேஜைகூடக் கிடையாது. ஆனால் மாணவிகளுக்கு வயிற்று வலி என்றாலும் வீட்டில் அடி என்றாலும், எங்களைத் தாண்டிக்கொண்டு மைதானத்து ஓரத்திலிருந்த அவர் அறைக்குத்தான் போவார்கள். அந்த அறைக்கு உள் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே ஒரு பெஞ்சும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் இருந்தன.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி. அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸ் பெண். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். கெமிஸ்ட்ரி பேராசிரியரின் பெயரையும் எழுத மாட்டேன், அது வேறு காரணத்தால். ரீடிங் சரியில்லை, மறுபடி செய் என்று எல்லோரும் போன பிறகு அவளை நிறுத்திவைத்து லேப் கதவைச் சாத்தியிருக்கிறார். கையைப் பிடித்தார் என்று ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள். அவர் தொட்டது கையை மட்டும் இல்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. பிரின்சிபால், கரஸ்பாண்டென்ட், இரண்டு துறைத் தலைவர்கள். ஒரு லேடி இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஞானசௌந்தரி மிஸ்ஸைச் சேர்த்துக்கொண்டார்கள். விசில்காரம்மா தானே, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்ற கணக்கு. புகாருக்கு ஆளானவர் அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து காபி குடித்தார். அந்தப் பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். நீ ஏன் கடைசி ஆளாக இருந்தாய், கத்தியிருக்கலாமே, இதற்கு முன்னால் சிரித்துப் பேசியிருக்கிறாயா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பாதியில் ஞானசௌந்தரி மிஸ் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் போட்டு, "உக்காரும்மா" என்றாராம்.

"நீங்க உக்காருங்க மிஸ்," என்றார் பிரின்சிபால்.

"எனக்கு நின்னு பழக்கம் சார். நீங்க கேளுங்க."

முடியும்வரை நின்றுகொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை. மறுநாள் பெண்ணின் அப்பாவை வரவழைத்தார்கள். பிரின்சிபால் அவரிடம் கோபப்படவே இல்லை. ரொம்பவும் மென்மையாக, பெண்ணின் எதிர்காலம், பெண்ணின் கல்யாணம் என்று மட்டும் பேசினார். ஒரு மணி நேரத்தில் டி.சி. தயாராகிவிட்டது. எங்கள் கல்லூரியில் வேறெந்தக் காகிதமும் அவ்வளவு சீக்கிரம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

சைக்கிள் ஸ்டாண்டில் ஞானசௌந்தரி மிஸ் அந்த அப்பாவை மறித்துக்கொண்டார். நானும் கூட இருந்தேன். "படிப்பை நிறுத்தாதீங்க சார். பரீட்சைக்கு நான் கூட வந்து உக்காருறேன்," என்று கெஞ்சினார். அந்த அப்பா தொழிற்சாலை யூனிஃபார்மோடு வந்திருந்தார். ஹேண்டில்பாரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு மேடம். குவார்ட்டர்ஸ்ல அடுத்த வீட்டுக்காரன் இருமினா எங்க வீட்ல கேக்கும்," என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெண்ணைப் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போனார். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த பிராக்டிகல் அன்று மதியம் ஞானசௌந்தரி மிஸ் அந்த விசாரணை நாற்காலியைத் தலைமேல் வைத்துத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்து வந்தார். லேப் கதவை விரியத் திறந்து, நிலைப்படியிலேயே போட்டு உட்கார்ந்தார். மடியில் கிழிந்த த்ரோபால் வலை.

"இங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்றார் பேராசிரியர்.

"காத்து வாங்கறேன் சார். கிரவுண்டுல ஒரே வெயிலு."

மெமோ வந்தது. வேலை நிரந்தரம் தள்ளிப்போனது. ஸ்டாஃப் ரூமில் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பிராக்டிகல் அன்றும் கடைசிப் பெண் பையை எடுத்துக்கொண்டு வெளியே வரும்வரை வலை தைத்தார். அவர் டீமை அழைத்துக்கொண்டு மேட்சுக்குப் போகிற நாட்களில் விடைத்தாள் கட்டோடு நான் அங்கே உட்கார்ந்தேன். இப்படியே வருடங்கள் போயின. அந்த ஆள் மாலையும் சால்வையுமாக ஓய்வு பெற்றார். குரூப் போட்டோவில் ஞானசௌந்தரி மிஸ் இல்லை.

அன்று சாயங்காலம் பூந்தமல்லி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "ஜெயிச்சிட்டீங்க அக்கா," என்று நான் சொல்லித் தொலைத்தேன். கல்லூரியில் அச்சடித்த மாதிரி பேசுகிறவருக்குக் கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "இன்னாத்த ஜெயிச்சேன்? அவன் மால போட்டுகினு போறான். அந்தப் பொண்ணு எங்க கீறா, சொல்லு பாப்போம். நான் பாத்தது வாட்ச்மேன் வேல, வசந்தா. நாயம் எவனும் பண்ல." பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை. பஸ் போனதும், "அவ டிகிரி முடிச்சாளாமா? ஆவடிப் பக்கம் போனா கேளு," என்றார்.

போய்க் கேட்டேன். அந்தக் குடும்பம் குவார்ட்டர்ஸைக் காலி செய்திருந்தது. ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் ஒருவர். பெண்ணை அப்போதே கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் பட்டமளிப்பு விழா வந்தால் ஞானசௌந்தரி மிஸ் என்னிடம் அதையே கேட்பார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியை ஆபீஸ் திருப்பி வாங்கிக்கொண்டது, கல்லூரிச் சொத்தாம். இப்போது கோர்ட்டே சொல்லிவிட்டது, இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்கக் கமிட்டி வேண்டும் என்கிறார்கள். ஒரு லேடி இருந்தால் நன்றாக இருக்கும் என்று போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஞானசௌந்தரி மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "உனக்கு நாற்காலி போட்டா, முதல்ல அந்தப் பொண்ணு உக்காந்திருக்காளான்னு பாரு." பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். விசாரிக்கிறேன் அக்கா என்றேன்.

கரையான்சாவடி கல்லறையில் அவரை வைத்துவிட்டு வந்தோம். பழைய மாணவிகள் சிலர் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நான் தேடிய முகம் இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். அதனால் இதை அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் எழுதினாலும், ஒருத்திக்காகத்தான் எழுதுகிறேன். நீ யார் என்று உனக்குத் தெரியும். டிகிரி முடித்தாயா அம்மா? முடிக்கவில்லை என்றாலும் சொல். நான் அங்கே போய் அவரிடம் சொல்ல வேண்டும்.