கந்தூரி மூன்றாம் நாள்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் சொல்பவளுக்கு அவ்வளவு மிடுக்கு ஆகாதுதான். ஆனால் ஐம்பத்து நாலு நவம்பரில் காரைக்காலில் கொடி மாறிய பிறகு, யார் வீட்டுக்குப் பிரெஞ்சுக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அமலராணி டீச்சர் படித்துச் சொன்னால் ஓர் எழுத்துப் பிசகாது என்று பேர். அந்தப் பேரை ஒரே ஒரு தடவை, தெரிந்தே கெடுத்துக்கொண்டேன். அது என் பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அஜீசுன்னிசாவுக்காக.

அஜீசுன்னிசாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. பதினேழில் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து இருக்க வேண்டும். மாப்பிள்ளை கமாலுதீன் சைகோனில் ஜவுளிக் கடையில் இருந்தார். கல்யாணத்துக்கு வந்தபோது ஆறு மாதம், நாற்பத்தேழில் ஐந்து மாதம், ஐம்பதில் ஏழு மாதம். ஆக மொத்தம் ஒன்றரை வருஷக் குடித்தனம், இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கைருன்னிஸா என் வகுப்பில்தான் படித்தாள். அவளுக்கு வாப்பாவின் மூக்குக்கண்ணாடி மட்டும் நினைவிருந்தது. அதுவும் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து வந்த நினைவாக இருக்கலாம். இளையவன் நூகு, வாப்பா கப்பலேறிய பிறகு பிறந்தவன்.

கமாலுதீன் பிறகு வடக்கே ஹைபோங் என்ற துறைமுகத்துக்கு வேலை மாறிப் போனார். அங்கே சண்டை. நாலு மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தாலே பெரிது. அஜீசுன்னிசா அதற்கெல்லாம் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. உலை வைப்பாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள், ஓதப் பள்ளிக்கு அனுப்புவாள். கணவனின் அண்ணன் முத்து முகம்மது கடைத்தெருச் சாமான் வாங்கிப் போடுவார். அவள் வாசல் தாண்டுவது வருஷத்துக்கு இரண்டு தடவை இருந்தால் அதிகம்.

ஐம்பத்தைந்து ஜனவரி இருபத்தேழு, வியாழக்கிழமை. கொடி மாறினாலும் எங்கள் பள்ளிக்கு வியாழன்தான் லீவு. அன்றைக்கு நாகூர் கந்தூரியில் மூன்றாம் நாள். நாகூர் பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் பிரெஞ்சுக்காரன் இருந்தவரை எல்லையில் வாஞ்சூர் சுங்கச்சாவடியில் எல்லோரையும் இறக்கி, மூட்டையை அவிழ்த்து, கள்ளக்கடத்தல்காரர்களைச் சோதிப்பதுபோல் சோதிப்பார்கள். அதற்குப் பயந்தே பெண்டுகள் போகமாட்டார்கள். அந்த வருஷம் சாவடியில் ஈ காக்கை இல்லை. நான்தான் அவளை வற்புறுத்தி, முத்து முகம்மதிடம் அனுமதி கேட்டு, மூவரையும் அழைத்துப் போனேன்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. காலியாகக் கிடந்த சாவடியைப் பார்த்து நூகு, "சரக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து கத்தினான். தர்காவில் ஒரு புறா அவன் கையிலிருந்த அல்வாவைக் கொத்திக்கொண்டு போனது. அவன் ஊரைக் கூட்டி அழுதான். கைருன்னிஸா கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்தாள். ஏழு வயதுப் பிள்ளையை அஜீசுன்னிசா இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் நடந்தாள். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்று, மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். வெள்ளைத் துப்பட்டி சரிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதமும் அந்த வீட்டு முற்றத்தில் ஒரே விளையாட்டு. பலகைகளை வரிசையாகப் போட்டால் பஸ். கைருன்னிஸா டிரைவர், நூகு சாவடிக்காரன். கறுப்புப் பூனை பயணி. வருகிற கந்தூரிக்கு இன்னும் எத்தனை நாள் என்று நூகு தினமும் சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னைக் கேட்பான். டீச்சர் என்றால் எல்லாக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவன் நினைப்பு.

ஆகஸ்டு நாலாம் தேதி, அதுவும் வியாழக்கிழமை, மேரியிலிருந்து, அதாவது நகரசபை ஆபீசிலிருந்து, பியூன் செல்லையன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அந்த வீட்டில் கொடுத்தார். ஹைபோங்கிலிருந்து சைகோன், சைகோனிலிருந்து புதுச்சேரி என்று சுற்றி வந்த காகிதம். ஆபீசில் புதிதாக வந்தவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. என்ன விஷயம் என்று செல்லையனுக்கும் தெரியாது. அஜீசுன்னிசா பின்கட்டில் கிழங்கான் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கை நாறுகிறது என்று மகளை வாங்கிச் சுவர் வழியாக என்னிடம் தரச் சொன்னாள்.

முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கைருன்னிஸாவை விளையாடப் போகச் சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அஜீசுன்னிசா பக்கத்தில் உட்கார்ந்தேன். இழுத்துச் சொல்ல எனக்கு வராது. உன் மாப்பிள்ளை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் அஜீசு என்றேன்.

அவள் நிமிரவில்லை. கத்தி அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கையிலிருந்த மீனை முடித்து, அடுத்ததை எடுத்த பிறகுதான் எந்த நாளில் என்று கேட்டாள். பிரெஞ்சுக்காரன் இந்த மாதிரிக் காகிதத்தில் தேதியை எண்ணால் போடமாட்டான், எழுத்தால் எழுதுவான். வாசித்து, ஜனவரி இருபத்தேழு என்றேன். ஓர் எழுத்துப் பிசகாத எனக்கு அது என்ன நாள் என்று உறைக்கவில்லை. அவள் பிறையை வைத்து எண்ணினாள்.

"கந்தூரி மூணாம் நாளுங்க, டீச்சரம்மா."

முற்றத்தில் நூகு பூனையை நிறுத்தி மூட்டையில் என்ன என்று விசாரித்துக்கொண்டிருந்தான். அவள் மீன் சட்டியை மூடி வைத்தாள். பூனை வந்துவிடும் என்றாள். பிறகு விரல்விட்டு வேறொரு கணக்குப் போட்டாள். அவர்களில் கணவன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் வெள்ளைச் சேலை கட்டி, அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இத்தா என்பார்கள். அதைச் சாவு நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், சேதி வந்த நாளிலிருந்து அல்ல. அவள் கணக்கில் நோன்புப் பெருநாள் கழிந்து பன்னிரண்டாம் நாளோடு இத்தா முடிந்துபோயிருந்தது. அந்தப் பெருநாளைக்கு அவள் கைக்கு மருதாணி வைத்துப் பச்சைச் சேலை கட்டி, எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தாள்.

"எனக்கு அழுகை வரலைங்க. வரணும்ல?" என்றாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சடலம் இல்லை, கபர் இல்லை, மூலையில் உட்கார்ந்து அழுவதற்கு ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. துக்கம்கூடத் தபாலில் தாமதமாக வந்து, கெடு முடிந்தது என்று திரும்பிப் போகிறது. அவளுக்கு வேறு யோசனை. லுஹர் தொழுகை முடிந்ததும் முத்து முகம்மதும் பள்ளிவாசல் லெப்பையும் வந்து காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள், அப்போது தேதியைப் பத்து நாள் தள்ளிச் சொல்ல முடியுமா என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"வருசா வருசம் அந்தப் பிறையில பாத்திஹா ஓதுவாங்க. கந்தூரி மூணுன்னா வாப்பா மவுத்தான நாளுன்னு ஆயிடும். அதுக்கப்புறம் இதுங்க நாகூர் பேச்சை எடுக்குமா? வாப்பாவோட இதுங்களுக்கு ஒரு நாளும் இல்லைங்க. இருக்கறது என்னோட அந்த ஒரு நாளுதான். அதையும் புடுங்கிக்கச் சொல்றீங்களா?"

அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நான் சரி என்றேன்.

மதியம் கூடத்தில் முத்து முகம்மது, லெப்பை, அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேர். அஜீசுன்னிசா உள் அறைத் திரைக்குப் பின்னால். நான் முழுக் காகிதத்தையும் முதலில் பிரெஞ்சில் உரக்கப் படித்தேன், நம்பிக்கை வரவேண்டுமே. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தேதி வந்தபோது என் வாயிலிருந்து பத்து நாள் தள்ளி வரவில்லை. ஏப்ரல் இருபத்தேழு என்றேன். மூன்று மாதம். முற்றத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

லெப்பை எண்ணிப் பார்த்தார். ரமலான் பிறை நாலு என்றார். அதுவரை இறுகிப்போய் உட்கார்ந்திருந்த முத்து முகம்மது தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நோன்பு மாதத்தில் மவுத்து, குடுத்துவைத்தவன் என் தம்பி என்று சொல்லிச் சொல்லி அழுதார். இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு மனிதனை நல்ல மாதத்தில் சாகவைத்துவிட்டு நாற்காலியில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இத்தாவில் இன்னும் இருபத்தொன்பது நாள் பாக்கி இருக்கிறது என்று லெப்பை திரையைப் பார்த்துச் சொன்னார். காகிதம் அஜீசுன்னிசாவின் பெட்டிக்குள் போய்விட்டது. யாரும் அதை மறுபடி கேட்கவில்லை.

சாயங்காலம் சுவரோரம் வந்து நின்றாள். பத்து நாள் கேட்டதற்கு மூன்று மாதம் ஏன் என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. உனக்கென்று கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றேன். இல்லாத இத்தாவுக்கு உட்காரச் சொல்கிறீர்களே, அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கேட்டாள். அந்தப் பாவம் என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இன்றுவரை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு அவளே சொன்னாள். வாப்பா நோன்பில் மவுத்தாகிவிட்டார் என்றாள். இனிமேல் காகிதம் வராதா என்று நூகு கேட்டான். வராது என்றதும் பஸ் ஓட்டப் போய்விட்டான். கைருன்னிஸா மட்டும் படத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றாள்.

அஜீசுன்னிசா இருபத்தொன்பது நாளும் வெள்ளைச் சேலையில் அறைக்குள் இருந்தாள். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, வெளியே வந்ததும் கல் மனசு என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வேறு வேலை இல்லாததால் மகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை தலை வாரினாள். நூகுவோடு சோழி ஆடித் தோற்றாள். நான் கொண்டுபோன கஞ்சியைக் குடித்தாள். உப்பு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கும் என்பாள். கடைசி நாளில் வெள்ளையைக் களைந்து குளித்துவிட்டு வந்து, அழுகை வரவே இல்லைங்க என்று எனக்கு ஏதோ நஷ்டம் செய்துவிட்டவள் போலச் சொன்னாள். நான் செய்தது தப்பாகிவிட்டது என்று அன்று நினைத்தேன்.

ஐம்பத்தாறில் கந்தூரி பொங்கலை ஒட்டி வந்தது. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. பதினோரு வருஷ வேலையில் முதல் தடவையாகத் தலைவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். வேறு நாள் போகலாமே என்று நான்தான் கேட்டேன். பிள்ளைகள் மூன்றாம் நாள் என்றுதான் எண்ணிவைத்திருக்கிறார்கள் என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் நூகு, நடுவில் கைருன்னிஸா. அஜீசுன்னிசா வழியெல்லாம் மகளின் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தர்காவில் ஓதிவிட்டு வெளியே வந்தோம். மைதானத்தில் மரத் தொட்டில் ராட்டினம், இரண்டு ஆட்கள் கையால் தள்ளிச் சுற்றுவது. நூகு அதில் ஏறியே ஆகவேண்டும் என்றான். தனியாக ஏறப் பயம். அக்காவோடும் பயம். கடைசியில் அஜீசுன்னிசா துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு பேரையும் இரு பக்கமும் அணைத்து உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன்.

முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில் உச்சிக்குப் போனபோது ஒரு சத்தம் கேட்டது. யாரோ குழந்தை என்று நினைத்தேன். தொட்டில் கீழே வரும்போது பார்த்தால் அவள். வாயைத் திறந்து, முகத்தை மறைக்காமல், ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். மறுபடி மேலே போனாள், மறுபடி கீழே வந்தாள். நிற்கவில்லை. தள்ளுகிற ஆட்கள் மிரண்டுபோய் ராட்டினத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. நூகு இறங்கி ஓடிவந்து என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"டீச்சரம்மா, உம்மா பயந்துட்டாங்க. நான் பயப்படலை, உம்மாதான் பயந்துட்டாங்க."

அஜீசுன்னிசா துப்பட்டியால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. என்னைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள். "ஆமாப்பா, ரொம்பப் பயந்துட்டேன்" என்றாள்.

நூகு இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும், சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டான். உம்மா எப்படி வாயைத் திறந்து அழுதார்கள் என்று அழுது காட்டுவான். கைருன்னிஸா, இன்னும் சத்தமாக என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அஜீசுன்னிசாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள்.