அண்ணன் வாங்கவிருந்த சைலன்சர்

என் அண்ணனுக்கு மலாக்காவில், ஜாசின் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்ட கொஞ்சம் நிலம் இருக்கிறது. இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றதால், முறையாக லைசென்ஸ் எடுத்து ஒரு வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறார். அடுத்த நிலத்தில் ஓர் அக்கா வாத்து வளர்க்கிறார். துப்பாக்கிச் சத்தத்தில் வாத்துகள் மிரண்டு, முட்டை குறைந்துபோகிறது என்பது அவருடைய குறை. அவர் சண்டை போடுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அதுதான் அண்ணனை ரொம்ப உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். உட்காருவதற்குள் போனில் ஒரு வீடியோவை நீட்டினார். வடக்கு ஐரோப்பாவில் யாரோ ஒருவர் துப்பாக்கி முனையில் சைலன்சர் என்கிற ஒரு குழாயைத் திருகி மாட்டிச் சுடுகிறார். கதவை அடித்துச் சாத்துகிற அளவுக்குத்தான் சத்தம்.

“பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு அங்க எல்லாரும் இத மாட்டிக்கிறாங்களாம். ஆன்லைன்ல பாத்து வச்சிட்டேன். ஆர்டர் போடறதுதான் பாக்கி.”

போனை வாங்கிப் பார்த்தேன். விற்கிறவன் ‘கார் பில்ட்டர்’ என்று போட்டிருந்தான்.

“அண்ணே, இது பில்ட்டர்னு போட்டிருக்கு.”

“பேருதான் பில்ட்டர் லா. கஸ்டம்ஸ்ல பிரச்சினை வரக்கூடாதுன்னு அப்படிப் போடறாங்க.”

“அப்ப பிரச்சினை வரும்னு அவங்களுக்கே தெரியுது.”

அடுப்படியிலிருந்து அண்ணி சிரித்தது கேட்டது. அண்ணன் விடவில்லை. “வெறும் குழாய்மா. ட்ரிகர் இல்ல, தோட்டா இல்ல. இது எப்படித் துப்பாக்கியாகும்?”

எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. நான் மலாக்கா டவுனில் ஒரு வழக்கறிஞர் அம்மாவிடம் கிளார்க்காக இருக்கிறேன். மறுநாள் அவரிடமே கேட்டேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, ஆர்வமாகவே விளக்கினார். சில நாடுகளில் வேட்டைக்காரர்கள் இதைச் சாதாரணமாக வாங்கலாம். சில இடங்களில் பதிந்து வைக்க வேண்டும். சில நாட்டுச் சட்டங்களில் இந்தக் குழாயையே துப்பாக்கிக்குச் சமமாக எண்ணுவார்கள். பெரும்பாலும் பெட்டியில் எழுதிய பெயரைப் பார்ப்பதில்லை. துப்பாக்கிச் சத்தத்தைக் குறைப்பதற்கென்று செய்ததா, மாற்றியமைத்ததா என்றுதான் பார்ப்பார்கள்.

“இங்க இதோட விளையாடக்கூடாது. போலீஸ்லயே நேரா கேட்டுடச் சொல்லு. வாங்கினதுக்கப்புறம் கேட்டா, கேஸ் நம்ம ஆபிசுக்குத்தான் வரும்.”

அந்த வாரமே ஸ்டேஷனுக்குப் போனோம். அண்ணன் தன் மோட்டார் சைக்கிளில், நான் பின்னால் காரில். மலாய்க்கார அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டார். நான்தான் மலாயில் பேசினேன்.

“ஏற்கெனவே வாங்கிட்டீங்களா?” என்றார் முதலில்.

“இல்ல துவான், கேக்கத்தான் வந்தோம்.”

“நல்லதாப் போச்சு. துப்பாக்கிக்குக் குடுத்த லைசென்ஸ் துப்பாக்கிக்கு மட்டும்தான். அந்தச் சாமானை மறந்துடுங்க.” பிறகு, “ஆமா, எதுக்கு அது?” என்றார்.

அண்ணன் உடைந்த மலாயில் வாத்துக் கதையைச் சொன்னார். பக்கத்து மேசைப் பெண் போலீஸும் எழுந்து வந்து கேட்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணனும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

வெளியே வந்து மோட்டாரை ஸ்டார்ட் செய்தார். அதன் புகைக்குழாயில் பல மாதங்களாக ஓட்டை. அந்தச் சத்தத்துக்கு அதிகாரி வாசலுக்கே வந்துவிட்டார்.

“அங்கிள், தினம் தோட்டத்துக்குப் போறது இதுலயா? இந்த சைலன்சர மாத்துங்க. இத மாத்தலன்னாதான் சம்மன்.”

“ஒரு சைலன்சர் வச்சிருந்தா தப்பு, இன்னொண்ணு இல்லன்னா தப்பு,” என்று அண்ணன் என்னிடம் முணுமுணுத்தார். ஆனாலும் நேரே பட்டறைக்குப் போய்ப் புதிதாக மாட்டிக்கொண்டுதான் வீடு திரும்பினார்.

சில வாரம் கழித்து, வாத்துக்கார அக்கா ஒரு கூடை முட்டையோடு வந்தாராம். “துப்பாக்கி எப்பவாச்சும்தான் தம்பி. உங்க மோட்டார்தான் தினமும் காலையில உயிர எடுத்துச்சு.” இப்போது சுடுவதற்கு முன் அண்ணன் அவருக்குப் போன் செய்கிறார். அக்கா வாத்துகளைக் கொட்டகையில் அடைத்து, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறார்.

காப்பிக் கடையில் அண்ணன்தான் இன்று சட்ட நிபுணர். போன வாரம் கடலோரத் தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் நண்பர் ஒருவர், மீன் குத்துகிற ஈட்டித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அண்ணன் தயங்காமல் என் நம்பரைக் கொடுத்துவிட்டார். நான் கேட்டதும் சட்டப் புத்தகத்தை எடுத்த வழக்கறிஞர் அம்மா இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.