டிரைவருக்கும் ஒரு ஹெல்மெட்

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சுங்கை சிப்புட்டில் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் பள்ளி விடும்வரை எனக்கு வேலை இல்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் டீசல்தான் வீண். அதனால் ஆற்றோரம் வேனை நிறுத்திவிட்டு நடப்பேன். அப்படி நடந்ததில் வந்ததுதான் கல் பொறுக்கும் பழக்கம். வரிவரியாக ஓடும் கல், உடைந்த இடத்தில் மினுக்கும் கல் என்று எது கண்ணில் பட்டாலும் வேனில் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொள்வேன். பிரேக் போட்டால் எல்லாம் உருளும். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பழகிப்போய்விட்டது.

என் வீட்டுக்காரர் குவாரியில் லோரி ஓட்டுகிறார். "நான் டன் கணக்குல ஏத்திட்டு வாரேன், நீ ஒன்னு ஒன்னா பொறுக்கிட்டு வார" என்பார். அவர் சிரிப்பில் விஷம் இருக்காது. மகளுக்குத்தான் வெட்கம். ஈப்போவில் கல் சேகரிப்பவர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது, சேரப் போகிறேன் என்றபோது, "கல்லுக்கெல்லாம் கிளப்பா மா? அங்க உள்ளவங்க எல்லாம் படிச்சவங்க லா" என்றாள். படித்தவர்கள்தான். செயலாளர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். இன்னொருவர் பல் டாக்டர், சீனப் பெண். நான் சேர்ந்தேன். கூட்டங்களுக்குப் போனேன். என் கல்லை மேசையில் வைத்து, இது என்ன என்று கேட்டேன். தெரியாததைக் கேட்பதில் எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை.

பேராக்கின் வடக்கே மலைப்பக்கம், இன்னும் வேலை நடக்கும் ஓர் ஈயச் சுரங்கத்துக்குப் போக கிளப்புக்கு அனுமதி கிடைத்தது. ஈப்போவைச் சுற்றி, ஈயம் தோண்டி முடித்து இப்போது மீன் பிடிக்கிற குட்டைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கும் சுரங்கத்தைப் பார்த்ததில்லை. பள்ளி விடுமுறை, வேன் சும்மாதான் நிற்கிறது, அதிலேயே எல்லாரும் போகலாம் என்று நான்தான் சொன்னேன். கிளம்புகிற காலையில் செயலாளரோடு அவருடைய மச்சானும் ஏறிக்கொண்டார். ஷா ஆலாமிலிருந்து வந்திருந்தார். வேனில் இடம் இருந்தது, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

சுரங்க வாசலில் பாதுகாப்பு அதிகாரி காத்திருந்தார். மலாய்க்காரர், மரியாதையான ஆள். பத்துப் பேருக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தது, மேசையில் பத்து ஹெல்மெட் இருந்தன. நாங்கள் பதினோரு பேர். அவர் என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். "டிரைவர் துங்கு சினி யா, காக்" என்றார். அக்கா, டிரைவர் இங்கேயே இருக்கட்டும் என்று அர்த்தம். அவர்மேல் தப்பில்லை. அவருக்கு என்ன தெரியும்?

செயலாளருக்குத் தெரியும். அவர் திருத்துவார் என்று நின்றேன். அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒன்னும் நெனச்சுக்காதீங்க. மச்சான் இதுக்குன்னே அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்காரு. நீங்க இங்க பக்கம்தானே, இன்னொரு தடவ பாத்துக்கலாம். கெண்டின்ல உக்காந்து தே தாரேக் குடிங்க. நாங்க வெரசா வந்துருவோம்."

"உங்க மச்சான் கிளப்புல மெம்பரா?"

"இல்ல, ஆனா…"

"நான் மெம்பர்."

"அது சரிக்கா. வேன யாராச்சும் பாத்துக்கணும்ல?"

"வேன் எங்கயும் போகாது. சாவி என்கிட்ட இருக்கு."

மற்றவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டரும்தான். தைப்பூசத்துக்கு ஆட்களை ஏற்றிப் போனால் நான் கார் பார்க்கில் இருப்பேன். கேமரன் மலைக்குப் போனால் அவர்கள் தேயிலைக்குள் படம் எடுப்பார்கள், நான் பைகளுக்குக் காவல். அது என் வேலை, அதில் எனக்குக் குறை கிடையாது. ஆனால் இன்றைக்கு நான் வேலைக்கு வரவில்லை. கல் பார்க்க வந்திருக்கிறேன்.

மேசையில் இருந்த ஒரு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரை மாட்டினேன். அதிகாரியிடம் மலாயில் சொன்னேன்: "வண்டி ஓட்டினது நான்தான். கிளப்பிலும் நான் இருக்கிறேன். அந்த ஐயா விருந்தாளி." அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலையாட்டினார். மச்சான்தான் கெண்டினுக்குப் போனார்.

கம்பெனி வண்டியில் எங்களைக் கீழே கூட்டிப்போனார்கள். மலையைப் படிப்படியாக வெட்டி இறக்கியிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது. என் வேனைப்போல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அங்கே ஓடிய லோரியின் உயரம் வரும். காலுக்கடியில் தரை அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் இந்த அதிர்வில்தான் சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒதுக்கிவைத்த ஒரு குவியலைக் காட்டி, ஆளுக்கு ஒரு கல் எடுக்கலாம் என்றார் அதிகாரி. என்னிடம் சுத்தியல் இல்லை. பல் டாக்டர் தன்னுடையதை நீட்டினார். "அங்க நான் பேசியிருக்கணும், சாரி" என்றார் ஆங்கிலத்தில்.

"ஆமா, பேசியிருக்கணும்" என்றேன். சுத்தியலை வாங்கிக்கொண்டேன். பரவாயில்லை என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

வெயிலில் குந்தி உட்கார்ந்து தட்டினேன். விரலில் ஓர் அடி விழுந்தது. கடைசியில் ஒரு வெள்ளைக் கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே கறுப்பு ஊசி ஊசியாக, யாரோ தீக்குச்சிகளைக் கொட்டி உறைய வைத்ததுபோல. ஈயம் கிடைத்துவிட்டது என்று எழுந்து நின்று காட்டினேன். அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஈயம் இல்லை, காக். டூர்மலின். இதற்கு இங்கே மதிப்பில்லை."

செயலாளர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "போட்டுட்டு வேற எடுங்கக்கா. ஈயம் அந்தப் பக்கம் கெடக்கு."

"எனக்கு இதுதான் வேணும்."

"ஈயச் சுரங்கத்துக்கு வந்துட்டு ஈயம் இல்லாமலா போவீங்க?"

"ஆமா" என்றேன். துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

திரும்பும் வழியில் செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சான் மட்டும் என் பின்னால் உட்கார்ந்து, கெண்டினில் மீ கோரேங் நன்றாக இருந்தது என்று இரண்டு முறை சொன்னார். பாவம், அவருக்குக் கல்லில் அவ்வளவாக ஆசையே இருந்திருக்காது. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்து, ஈப்போ வரைக்கும் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

இரவு என் வீட்டுக்காரர் கல்லை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். "ஹெல்மெட்ட நீயே எடுத்துப் போட்டுக்கிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கல்லை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே அதுவரை அவருடைய கேரம் கோப்பை மட்டும்தான் இருந்தது.

அடுத்த மாதம் செயலாளர் போன் செய்தார். சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு மார்பிள் குவாரிக்குப் போகிறார்களாம்.

"வேன் கெடைக்குமாக்கா?"

"வேன் வராது. நான் வாரேன்."

வேன் இல்லாம எப்படிக்கா என்று இழுத்தார்.

"யாரு கார்ல எடம் இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

அன்று மாலையே சொல்லி அனுப்பினார். பல் டாக்டரின் காரில் இடம் இருந்தது.