திருப்பி மாட்டிய லென்ஸ்

கண்ணாடி வெட்டும் லேசருக்கு லென்ஸ் வடிவமைப்பது என் தொழில். ஆரணியில் இதைச் சொன்னால், "மூக்குக் கண்ணாடிங்களா?" என்பார்கள். விளக்கி அலுத்துப்போய், ஆமாம் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

பெங்களூர் வாடிக்கையாளர் ஒருவர் தன் லேசரை எங்களிடம் கொடுத்து வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் கைப்பேசிக் கண்ணாடியைச் சுத்தமாகப் பிளந்து காட்டாவிட்டால் லேசரைத் திரும்ப எடுத்துக்கொள்வார். ஆர்டர் வெளிநாட்டுக்குப் போய்விடும். எங்கள் பட்டறையை மூட வேண்டியதுதான். பட்டறை என்றால் நானும் என் கணவரும். லென்ஸை நான் வரைவேன், அவர் மாட்டி ஓட்டுவார்.

என் லென்ஸைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. ஒளி முழுவதையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்த்திருந்தேன். கண்ணாடி அதைச் சட்டையே செய்யவில்லை. விரிசல் கண்டபடி ஓடியது, ஓரமெல்லாம் உதிர்ந்தது.

பக்கத்து வீட்டுப் பவர்லூம் ஓடினால் எங்கள் மேசை அதிரும். அதனால் அவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் எங்கள் சோதனை. அன்று தறி நின்றதும் கணவர் அவசர அவசரமாக லென்ஸை மாட்டி லேசரை ஓட்டினார். கண்ணாடியை எடுத்து லேசாக வளைத்தேன். கோட்டோடு இரண்டாகப் பிரிந்து கையில் வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "ஜல்தில திருப்பி மாட்டிகினேன் போலக்குது. வளைஞ்ச பக்கம் கீழ பாக்குது."

"அதுல கை வெச்சீங்கன்னா பாருங்க," என்றேன்.

கணினியிலும் லென்ஸைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஓரக் கதிர்கள் கண்ணாடியின் மேற்பக்கத்திலும் நடுக் கதிர்கள் அடியிலும் கூடின. புள்ளி இருந்த இடத்தில், கண்ணாடியின் தடிமன் முழுக்க ஒரு கோடு. கதிர்கள் ஒரே புள்ளியில் சேராத எந்தப் பிழையை ஒழிப்பதே என் பிழைப்போ, அதுதான் கண்ணாடியை வெட்டியிருந்தது. அந்தப் பிழையை இன்னும் தாராளமாக வைத்துப் புது லென்ஸ் செய்தேன்.

மாதக் கடைசியில் வாடிக்கையாளர் வேனும் காலிப் பெட்டியுமாக வந்தார். தறி நிற்கும்வரை காக்க வைத்தோம். லேசர் ஓடி முடிந்ததும் கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தேன். வளைத்தார், பிரிந்தது. ஓரத்தில் விரலை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். பிறகு வாசலுக்குப் போய் டிரைவரிடம் சொன்னார்: "பெட்டிய திரும்ப ஏத்திடுப்பா. லேசர் இங்கயே இருக்கட்டும்."

"திருப்பி மாட்டுனது நானுங்க," என்றார் என் கணவர்.

பக்கத்தில் தறி ஓடத் தொடங்கியது. மேசை அதிர்ந்தது. அன்றைக்கு ஒருநாள் மட்டும், அது எவ்வளவு வேண்டுமானாலும் அதிரட்டும் என்று விட்டுவிட்டேன்.