ஓடுகிற மிஷினைப் பிரிக்கலாமா?

எனக்கு ஏழு வயது நடக்கும்போது வலது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. இருமினால் எட்டிப் பார்க்கும். படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கமெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு வருவது, இவளுக்கு எப்படி வரும் என்று அம்மா நம்பவேயில்லை. பாண்டி ஆடிக் குதித்ததால் வந்த வினை என்று என் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். குவார்ட்டர்ஸ் வாசலில் மற்ற பெண்கள் நொண்டியடிக்க, நான் மகாராணி மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். எரிச்சலென்றால் அப்படியோர் எரிச்சல்!

ஒரு நாள் காலையில் கட்டி உள்ளே போக மறுத்தது. தொட்டாலே வலித்தது. ஆவடியில் தொழிற்சாலை ஃபிட்டரான அப்பா லீவு போட்டுவிட்டு, என்னையும் அம்மாவையும் ரயிலில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சேதி கேட்ட அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, பட்டாபிராமிலிருந்து அடுத்த ரயிலில் வந்து சேர்ந்தாள். கூடவே அவளுடைய ஒரே மகன். நாளைக்கு அவனுக்குத்தான் என்னைக் கொடுப்பது என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. எந்நேரமும் மூக்கொழுகி, அதைச் சட்டைக் கையில் துடைக்கிறவன்.

டாக்டரம்மா கட்டியை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"பையன்னா பெரும்பாலும் குடல் இறங்கும். பொண்ணுங்களுக்குச் சினைப்பையே இறங்கிடறது உண்டு. இங்க அதுதான் மாட்டியிருக்குன்னு நினைக்கிறேன். முறுக்கிக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னு கெட்டுப்போயிடும். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணிடணும்."

"ஓடற மிஷினப் பிரிக்கக் கூடாதும்மா. எங்க ஃபேக்டரி ஷாப்புல அதான் பழக்கம். பெரியவளாவட்டுமே," என்றார் அப்பா.

"நின்னப்புறம் பிரிச்சு என்னங்க பண்ணுவீங்க?"

அப்பா எழுந்து எங்களை வெளியே கூட்டிப்போனார். வராந்தாவில் அத்தையிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். பெஞ்சில் அம்மா மடியில் கிடந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"கத்தி பட்டு, நாளைக்கு இவளுக்குப் புள்ள இல்லாம பூட்டா? உன் மூஞ்சில எப்பிடிக்கா முழிப்பேன்?"

"அடச்சீ! கொயந்த துடிச்சிகினு கீது, நீ இன்னாடா மூஞ்சியப் பத்திப் பேசிகினு கீற? போய்க் கையெழுத்தப் போடு. புள்ள பொறந்தா பொறக்கட்டும், இல்லாங்காட்டி போவட்டும். எம்மருமவ இவதான்!"

அப்பா கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் நான் வீறிட்டேன். "பயப்படாத பாப்பா, தூங்கிடுவே," என்று நர்ஸ் கன்னத்தைத் தட்டினாள். கத்திக்கு யார் பயந்தார்கள்? எதிரே அத்தை மகன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்ன ஆனாலும் இவன்தானா, தப்பிக்க வழியே இல்லையா என்றுதான் அந்த அழுகை.

சினைப்பை கெட்டுப்போகாமல் தப்பியிருந்ததாம். பத்திரமாக உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள்.

பிள்ளை பிறக்கவில்லை என்று எங்கள் தெருவிலேயே ஒருத்தியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்த காலம் அது. அந்தக் காலத்தில், ஒற்றை மகனை வைத்துக்கொண்டு அத்தை சொன்ன சொல் எவ்வளவு பெரியது என்று எனக்கு எங்கே தெரிந்தது? மறுநாள் அவள் சாத்துக்குடி பிழிந்து எடுத்துவந்து, "எங்கண்ணுல்ல, ஒரு வாய் குடி," என்று கெஞ்சினாள். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.