தராசில் ஏறாத கனம்

மாடசாமி அண்ணாச்சி போய்விட்டார் என்று போன் வந்தபோது, தென்காசியில் என் பட்டறையில் அவருக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகள் முதலில் தரையில் உட்கார்ந்து பழகும் சிமுலேட்டர் செய்து தருவது என் தொழில். விமானப்படையில் சரக்கு விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணாச்சி, அது நிஜ விமானம் போலவே கைக்குப் படுகிறதா என்று சோதித்துச் சொல்பவர். அன்று கடைசிச் சோதனை. மெஷினை ஓடவிட்டு, அவர் இருக்கையைத் துடைத்து வைத்திருந்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஆளில்லாத அந்த இருக்கைக்கு முன்னால் யோக், அதாவது விமானத்தின் ஸ்டியரிங், மெதுவாகப் பின்னால் வந்து நின்றது. கரண்ட் ஏறி இறங்கினால் மோட்டார் அப்படிச் செய்யும். செய்யும்தான். ஆனாலும் நான் வெளியே போய்ச் சாரலில் நின்றுகொண்டேன்.

ஆய்க்குடிப் பக்கம் அவரோடு பழகிய உங்களுக்கெல்லாம் அவர் கோபம் தெரியும். முதல் நாள் என் யோக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னவே இது, செத்த கோழி கழுத்து மாதிரி வருது? காத்து எங்க இருக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "அப்போ நிஜத்துல எவ்வளவு கனக்கும்னு அளந்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் சும்மா இருப்பாரா? புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை வாங்கிக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரின் பயிற்சி விமானத்தில் ஏறிவிட்டார். மேலே போய் யோக்கில் கொக்கியை மாட்டி இழுத்து, எந்த வேகத்துக்கு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வந்தார். "ஓட்டுன பய சிரிச்சுச் சிரிச்சு, எலுமிச்சங்கா எங்க சார்னு கேக்கான்" என்று அதையும் அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்த அளவுகளை மெஷினில் ஏற்றினேன். எல்லாம் பொருந்தியது, தரையைத் தொடும் முன் வருகிற கடைசி இழுப்பைத் தவிர. "இங்க இன்னும் கனக்கணும்." கூட்டினேன். "இன்னும்." தராசு வேறு சொல்கிறதே அண்ணாச்சி என்றேன். "தராசு கிடக்கு. என் கை சொல்லுது, வையும்." அவரோடு யார் மல்லுக்கட்டுவது? கூட்டிக்கொண்டே போனேன். கண்ணை மூடி இழுத்தவர் ஒரு கட்டத்தில் கையைச் சடக்கென்று எடுத்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. பக்கத்துக் காலி இருக்கையையே பார்த்தார்.

"இது விமானத்தோட கனம் இல்ல வே. ஆளோட கனம்."

பிறகு மெல்லச் சொன்னார். முன்னொரு காலத்தில் மலைக்கு நடுவே ஒரு சின்ன ஓடுதளத்தில் இறங்கும்போது, துணை விமானி மாரடைத்துத் தன் பக்கத்து யோக்கின் மேலேயே சாய்ந்துவிட்டாராம். இரண்டு யோக்கும் சேர்ந்தே அசைபவை. அந்த உடம்பையும் சேர்த்து இழுத்துத்தான் அண்ணாச்சி விமானத்தை இறக்கியிருக்கிறார். "அதுக்கப்புறம் எத்தனையோ தடவ எறக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் அங்கனயே சாஞ்சு கிடந்திருக்கான், பாத்துக்கிடும். நான் விமானம்னு நெனச்சேன்."

"அத எடுத்துரும். இதுல படிச்ச பிள்ள நிஜத்துலயும் அவ்வளவு இழுத்தா, விமானம் மூக்க மேல தூக்கி, தரைகிட்ட வந்து விழுந்துரும். நான் சுமந்த பிணத்த அதுகளும் சுமக்க வேண்டாம்" என்றார். எடுத்தேன். தராசு சொன்னதை மட்டும் வைத்தேன். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அன்று வருவதாக இருந்தார்.

துக்க வீட்டில் அவர் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, கடைசில அவருக்கு நெனவே இல்ல. ஆனா ரெண்டு கையும் எதையோ பிடிச்சு நெஞ்சப் பாத்து இழுத்துக்கிட்டே இருந்துச்சு. நான் கையப் பிடிச்சா என்னையும் சேத்து இழுக்காரு. என்னத்த இழுத்தாரு?"

"விமானத்த எறக்குனாரு மதினி" என்றேன்.

"எறங்கிருச்சா?" என்று கேட்டார்.

"எறங்கிருச்சு மதினி."

அதன் பிறகுதான் அவர் அழுதார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கடைசிச் சோதனையை நானே செய்தேன். எல்லாம் சரியாக வந்தது. தரை நெருங்கியது. இழுத்தேன். தோள்பட்டை வரைக்கும் கனத்தது. அளவு மாறிவிட்டதோ என்று பதறிப்போய்க் கொக்கியை மாட்டி இழுத்தேன். முள் அண்ணாச்சி மேலே போய் அளந்து வந்த இடத்தில்தான் நின்றது. மறுபடி வெறுங்கையால் இழுத்தால் அதே கனம். வீட்டிலிருந்து என் மனைவியை வரச்சொல்லி இழுக்கவைத்தேன். "லேசாத்தான வருது? ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள்.

கையை நம்பாமல் தராசை நம்பி மெஷினை அனுப்பிவிட்டேன். பிள்ளைகளிடம் அந்தக் கனம் போகவில்லை அண்ணாச்சி, நிம்மதியாக இருங்கள். தராசை மதினியிடம் கொடுத்துவிட்டேன். உங்களிடமிருந்து எனக்கென்று இருப்பது இந்தக் கனம் ஒன்றுதான். பயமாகத்தான் இருக்கிறது. அடுத்த மெஷினில் இழுத்துப் பார்க்கும்போதும் பக்கத்தில் நீங்கள் சாய்ந்திருக்கிறீர்கள். இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.