பாடத்துக்குப் பன்னிக் காவல்

என் பெரியப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. செத்துப்போன மனுஷனைப் பேசாதே என்பார்கள். பேசுவேன்.

எண்பதுகளில் காரிமங்கலம் பக்கம் நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பாஸானால் மேலே படிக்கலாம். ஃபெயிலானால் ஏரியூரில் இருந்த தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்பா இல்லாத வீடு. பெரியப்பா வைத்ததுதான் சட்டம்.

அவர் வருஷாவருஷம் நிலக்கடலைக் காட்டில் பன்றிக்குக் காவல் இருப்பவர். கண் அசந்தால் வெள்ளாமை போச்சு. அந்த மகானுக்குக் கடலையும் பாடமும் ஒன்றாகிவிட்டது.

"தூக்கம் பன்னி மாதிரி கண்ணு. கண்ண மூடுனா படிச்சதையெல்லாம் மேஞ்சிட்டுப் பூடும்" என்பார். பரீட்சை முடியும்வரை ராத்திரி முழுக்க, பன்றி விரட்டும் தகர டின்னோடு என் எதிரில் உட்கார்ந்தார். தலை சாய்ந்தால் டமடமவென்று அடி. எரிச்சலில் அந்த டின்னை அவர் தலையிலேயே கவிழ்க்கத் தோன்றும்.

"புள்ள செத்த நேரம் படுக்கட்டுங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

"உனக்கென்ன தெரியும்? போயி வரக்காப்பி போடு" என்று அவளையும் விரட்டினார்.

அறிவியல் பரீட்சையில் வந்தது எனக்குத் தெரிந்த கேள்விதான். விடை இருந்த பக்கத்தின் எண்ணெய்க் கறைகூட ஞாபகம் வந்தது. விடை வரவில்லை. இதயத்துக்கு எத்தனை அறை என்பதே மறந்துபோனது. பாதியில் மேஜைமேல் தூங்கிவிட்டேன். தட்டி எழுப்பியபோது பேப்பரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரிசல்ட் வந்தது. அறிவியலில் ஃபெயில்.

"நான் அசந்த நேரம் பாத்துத் தூங்கிருக்கா கழுத!" என்றார் பெரியப்பா.

படித்ததை மூளை தூக்கத்தில்தான் பிரித்து அடுக்கிக் கெட்டிப்படுத்துகிறது என்று பல வருஷம் கழித்து ரேடியோவில் ஒரு டாக்டர் சொன்னார். அடப்பாவி, அடுக்க விடாமல் கெடுத்தது நீதானே என்று அடுப்படியில் நின்று வாய்விட்டே திட்டினேன். கேட்கத்தான் அவர் இல்லை.

ரிசல்ட் வந்த அன்றைக்கு, மறுபடியும் பரீட்சை எழுதுகிறேன் என்று அவர் காலில் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு, தேதி குறிக்கப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பொழுது சாய்ந்ததுமே பெரியப்பா வந்து எல்லோரையும் அதட்டி அடக்கினார்.

"சத்தம் போடாதீங்க. புள்ள நல்லாத் தூங்கட்டும். நாளைக்கு மொகம் களையா இருக்கோணும்."